செதிள் மீன் பத்தியம்

ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி எடிலேனிக்கு ஊருக்குள் ஒரு பெருமை இருந்தது. புருஷன் ஜோசிவான் அவளுக்கு டுக்குனாரே மீனைத் தவிர வேறெதையும் கொண்டுவருவதில்லை. பிள்ளைத்தாச்சிக்குக் கெளுத்தி மாதிரி செதிளில்லாத மீன் ஆகாது, செதிள் மீன்தான் பத்தியம் என்பது தபஜோஸ் ஆற்றங்கரையில் எல்லாருக்கும் தெரியும். செதிள் மீன்களில் டுக்குனாரேதான் ராஜா. தனக்கென்று முள் நிறைந்த ஜராக்கியை வைத்துக்கொண்டு, "நல்லது உனக்குடி" என்பான். அந்தப் பேச்சில் அவள் உருகிப்போவாள்.

போன மாதம் கரையில் ஓங்கில் ஒன்று, அதுதான் ஆற்று டால்பின், செத்து ஒதுங்கியபோது, ஆற்று உயிர்களை ஆராயும் மார்லூசே டாக்டர் அதை அறுத்தார். எடிலேனிதான் பாத்திரம் பிடித்தாள். அதன் வயிறு முழுக்க டுக்குனாரே முள். சோதனை முடிவோடு டாக்டர் இன்று காலை படகில் வந்து இறங்கினார்.

"ஓங்கில் உடம்பெல்லாம் பாதரசம். மேல்பக்கம் தங்கம் அள்ளுறவன் அதப் பிரிக்க ஆத்துல விடுறது. சேறு மேயுற ஜராக்கில கொஞ்சந்தான். மீனத் தின்னுற டுக்குனாரேல குமிஞ்சு போயிருக்கு. அதத் தின்ன ஓங்கிலுக்கு இன்னும் அதிகம். நீ என்னம்மா சாப்புடுறே?"

"டுக்குனாரேதான். அதுக்குச் செதிள் இருக்கே, டாக்டரம்மா!"

"பாதரசம் செதிளப் பாத்தா வருது? பிள்ளையோட மூளைக்கு ஆகாது, இன்னையோட விட்டுடு. தங்கம் அள்ளுற மிதவைல வேலை பாக்குறவங்களே அதத் தொடுறதில்ல, ஜராக்கியத்தான் தேடித் தின்னுறாங்க."

எடிலேனிக்கு ஜோசிவானின் ஜராக்கித் தட்டு நினைவுக்கு வந்தது. மூழ்கித் தங்கம் அள்ளப்போன அவள் அப்பாவைத் தண்ணீருக்குள் விழுங்கியது தங்க மிதவை. அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று புனிதர் முன்னால் சத்தியம் செய்துதான் ஜோசிவான் அவளைக் கட்டினான். காட்டில் கொட்டை பொறுக்கப் போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் தட்டுகளை மாற்றி வைத்தாள்.

"இன்னிக்கு டுக்குனாரே உங்களுக்கு."

"எனக்கெதுக்கு? பிள்ளைக்கு நீ தின்னு."

"ஒரே ஒரு வாய்."

துண்டை எடுத்தான். கை வாய்வரை போகவில்லை.

"எத்தன மாசமா மிதவைல இருக்கே?" என்றாள். 'நீங்க' போய்விட்டிருந்தது.

அவன் தலைகுனிந்தான். "அஞ்சு மாசம். சொன்னா வீட்ட விட்டே தொரத்திருப்பே."

"அது சரி. தெரிஞ்சும் அந்த மீன ஏன்டா நிறுத்தல?"

"திடீர்னு நிறுத்தினா ஏன்னு கேட்டிருப்பேல்ல?"

நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன், அதற்கும் நியாயம் வைத்திருந்தான். எடிலேனி அழவில்லை. ஜராக்கித் தட்டை இழுத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். உள்ளே பிள்ளை உதைத்தது. நேற்றுவரை அந்த உதைக்குச் சிரித்தவள், இன்று அது சரியாகத்தான் உதைக்கிறதா என்று கைவைத்துப் பார்த்தாள்.