திங்கட்கிழமை காலை வரை

சுகாதாரத் துறைச் செய்தி அதிகாரி வைத்த சட்டம் ஒன்றுதான்: தகவலை நிருபர்களுக்கு முன்கூட்டியே தருவார், ஆனால் அவர் சொன்ன நாள் வரை அது அச்சிலும் வரக்கூடாது, வாயிலும் வரக்கூடாது. மீறினால் அப்புறம் அந்த வாசற்படியை மிதிக்க முடியாது. அப்படித் துரத்தப்பட்ட ஒருத்தன், காய்ச்சல் கணக்குக்குக்கூட மற்ற பத்திரிகைகளைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருந்தான்.

மூட்டுவலிக்கு விற்கிற ஒரு மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, திங்கட்கிழமை தடை வரப்போகிறது என்ற செய்தி வெள்ளிக்கிழமையே நம் மருத்துவ நிருபரின் கைக்கு வந்துவிட்டது. வாக்குக் கொடுத்துவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான், மடையன்! ஊருக்குத் தெரியவேண்டியதைப் பூட்டிவைக்க ஒத்துக்கொண்டதில் மெச்சிக்கொள்ள என்ன இருக்கிறது?

சனிக்கிழமை அவன் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறேன்ல, இப்ப முகமெல்லாம் வீங்குது. டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாராம். நீதான் மருந்து மாத்திரைன்னு எழுதித் தள்ளுறியே, சாப்பிடலாமா, நிறுத்திடவா?"

மாத்திரையின் பெயரைச் சொன்னாள். அதேதான். சொல்லிவிடத்தான் வாயெடுத்தான். ஆனால் அக்கா வாய் லேசுப்பட்டதா? அவளிடம் சொன்னால் தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி.

"எதுக்கும்... டாக்டர் வந்ததும் கேட்டுக்கக்கா," என்று மென்று முழுங்கினான். அதற்குள் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தான்.

"சரிடா, நீ சொன்னா சரிதான்."

திங்கட்கிழமை முதல் பக்கத்தில் செய்தி வந்தது. ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மத்தியானம் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார், அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். "இனிமே டயாலிஸிஸ்தான். ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தியிருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர்.

அக்காவின் முகம் உப்பிக் கிடந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. "இதைப் பேப்பர்ல மொதல்ல எழுதினதே என் தம்பிதான்," என்று நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே சார்?"

"நல்லா கேட்டே போ!" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. அவன் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பானா?"