இடது கையைத் தூக்கினால் போதும்

பல் பிடுங்கிய நாளிலிருந்து என் தங்கை என்னோடு பேசுவதில்லை. பதினொரு நாள் ஆகிறது. மூச்சு விடாமல் பேசுகிற வாயாடி அவள். என்னிடம் மட்டும் வாய்க்குப் பூட்டு. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவளை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

நான் பல் டாக்டரிடம் உதவியாளர். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், கேட்டதை எடுத்துக் கொடுப்பதும், பயந்தவர்களை அதட்டி உட்கார வைப்பதும் என் வேலை. வாயைத் திறந்து வைத்திருப்பவரால் பேச முடியாது என்பதால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும். டாக்டர் உடனே நிறுத்தி, மரத்துப்போக இன்னோர் ஊசி போடுவார். வலது பக்கம் அவர் நிற்பதால் அந்தக் கையை அசைக்கவே கூடாது.

மூன்று மாதத்துக்கு முன், கண்ணை மறைத்து மாட்டுகிற விஆர் ஹெட்செட் ஒன்றை டாக்டர் கொண்டுவந்தார். வீட்டில் படம் பார்க்க வாங்கியது. அதை மாட்டிக்கொண்டு கையை வீசியதில் மேசை விளக்கு உடைந்து, அவர் மனைவி அதை வீட்டைவிட்டே துரத்திவிட்டாராம்.

"இங்க வர்றவங்க மாட்டிக்கட்டும். கடலுக்கடியில மீன் பாத்துக்கிட்டே இருப்பாங்க, பல்லு போனதே தெரியாது" என்றார்.

சொன்னபடியே ஆயிற்று. அதை மாட்டியவர்களில் ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டும் தபால்காரர்கூடச் சமர்த்தாகப் படுத்திருந்தார். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சிலர் எழுந்தபோது கன்னமெல்லாம் கண்ணீர். ஹெட்செட்டின் சூடு என்று நானே அவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

தங்கைக்குக் கடைவாய்ப் பல் எடுத்த அன்றும் நான்தான் அதை மாட்டிவிட்டேன். "பயப்படாதடி, நான் பக்கத்துலயே இருக்கேன். வலிச்சா கையைத் தூக்கு" என்றேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவள் தூக்கவேயில்லை. எழுந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இன்று மதியம் டாக்டர் சாப்பிடப் போனதும், அப்படி என்னதான் காட்டித் தொலைக்கிறது பார்ப்போம் என்று கதவைத் தாழிட்டு நானே நாற்காலியில் சாய்ந்தேன். நீல வெளிச்சம். பொடி மீன்கள் மூக்கருகே வந்து திரும்பின. அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்து என் இடது கையைப் பிடித்தது. கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. எனக்குப் பயம் வரவில்லை என்பதுதான் கொடுமை. தொட்டதிலேயே தெரிந்தது: கட்டைவிரலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள். என் தங்கையின் கை. கோபம் தீர்ந்து வந்துவிட்டாள் என்று மனம் குளிர்ந்துவிட்டது.

"வந்துட்டியாடி?" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஹெட்செட்டைக் கழற்ற இடது கையை எடுக்கப் பார்த்தேன். பிடி இறுகியது. நான் இழுக்க இழுக்க, சின்னக் குழந்தையைத் தேற்றுவதுபோல அது மெதுவாக அழுத்தியது. வலது கையால் பிடுங்கி எறிந்தேன். அறையில் யாருமில்லை. தாழ் போட்டது போட்டபடி இருந்தது. என் புறங்கையில் நான்கு விரல் தடம் சிவந்திருந்தது.

கையைத் தூக்காத அத்தனை பேரும் கண்முன் வந்தார்கள். வேலை உடையோடு தங்கையின் தையற்கடைக்கு ஓடினேன். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு வலிச்சுதாடி?"

ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மரத்துப் போகவே இல்லக்கா. எல்லாமே தெரிஞ்சுது."

"கையைத் தூக்கியிருக்கலாமே?"

"தூக்க விட்டியா நீ? அமுக்கிப் பிடிச்சிருந்தியே."

"நான் பிடிக்கலடி. ஒரு கையில குழாய், ஒரு கையில விளக்கு."

"நடக்கப் பழகினதுலயிருந்து பிடிச்ச கை. எனக்குத் தெரியாதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அரைமணிக்கு முன் நானும் அப்படித்தான் சந்தேகமே இல்லாமல் ஒரு கையைத் தெரிந்துகொண்டேன். தடத்தையாவது காட்டலாம் என்று கையை அவளிடம் நீட்டினேன்.

அவள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.