பால் வரிசையில் ஒரு கூட்டம்

கிணத்துக்கடவுக்குப் பக்கத்து ஊரொன்றில் கைப்பம்பை எங்கே போடுவதென்று முடிவுசெய்யும் கூட்டத்துக்கு மூன்றாம் முறையும் ஒரு பெண்கூட வரவில்லை. டீக்கடை ஓரமே போதும் என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். பெண்களைக் கேட்காமல் திட்டத்தை அனுப்பக் களப்பணியாளன் உவைஸுக்கு மனம் ஒப்பவில்லை. கிழக்கு வீதியில் மாடு வைத்திருக்கும் சாந்தாமணியின் வீட்டுக்கே போய்க் காரணம் கேட்டான்.

“அஞ்சு மணிக்குக் கூட்டம் வெச்சா எப்படிங்க தம்பி வாரது? அப்பத்தானே சொசைட்டில பால் ஊத்தோணும்?”

மறுநாள் ஐந்து மணிக்கு, பால் சொசைட்டி வாசலிலேயே அவன் கூட்டத்தைத் தொடங்கினான். ஊர்த்தலைவர் செங்கோடன் வேகமாக வந்தார்.

“ஏப்பா, பால் ஊத்தற எடத்துல என்ன கூட்டம்?”

“வாங்க மாமா, நீங்களும் வரிசைல நில்லுங்க,” என்றாள் சாந்தாமணி. “டீ குடிக்கறவங்களுக்கு எதுக்குங்க பம்பு? தண்ணி சொமக்கறது நாங்கதானுங்க. கெழக்கு வீதில இருந்து அரை மைல் நடக்கறமுங்க. அங்க போடச் சொல்லுங்க.”

கிழக்கு வீதிக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னான் உவைஸ். வலக்கையில் பால் போசி இருந்ததால் பெண்கள் இடக்கையை உயர்த்தினார்கள். அவன் இரண்டு முறை எண்ணினான். முப்பத்தொரு கைகள். அவற்றில் ஒன்று தன் மனைவியின் கை என்பதைச் செங்கோடனும் பார்த்துவிட்டார்.

“செரி, கெழக்கு வீதின்னே எழுதிக்க தம்பி,” என்றார்.