எங்கள் கட்டடத்தை எங்கே கீறுவது

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் செவ்வாய்க்கிழமை குடல்வால் வீங்கியது. அப்போது என் கணவர் திருமூர்த்தி அதற்குள் இருந்தார்.

கீழ்த்தளத்தில் மின்சார மீட்டர்கள் இருக்கும் மூலையில், எங்கும் போய்ச் சேராத ஒரு சந்து உண்டு. அதுதான் குடல்வால். யாருக்கும் அதனால் பயன் கிடையாது, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைத் தேடி அவர் உள்ளே போயிருக்கிறார். சுவர் வீங்கி வாயை அடைத்துக்கொண்டது. "சுலோ, பம்பு கெடைச்சிருச்சு" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. தேடிப்போன பொருளை எடுக்காமல் மறுவேலை பார்க்காத மனிதர். அவரை எனக்குப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை என்பதைத்தான் என் அப்பா முதல் பொருத்தமாகச் சொன்னார். அன்றிலிருந்து குறை சொல்ல முடியாத வாழ்க்கை.

மறுநாள் காலை டாக்டர் கமலவேணி வந்தார். கோயம்புத்தூரில் கட்டடங்களுக்கு அறுவை செய்கிறவர்களில் கைராசிக்காரர் என்று பெயர். எங்கள் மாடிப்படிச் சுவரில் இருக்கும் வட்ட ஜன்னல்தான் தொப்புள். அங்கிருந்து வலது மூலைத் தூண் வரை கண்ணாலேயே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் தூணுக்குப் பக்கமாக ஓரிடத்தில், ஏணியில் ஏறி நின்று, விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. சட்டென்று கையை எடுத்தார். எல்லா வீட்டு விளக்குகளும் ஒரு தடவை துடித்து அடங்கின.

"அதேதானுங்க. நாளைக்கே எடுத்தாகோணும். வெடிச்சுதுன்னா உள்ள இருக்கறவரு போயிருவாரு" என்றார்.

சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். நல்ல காய்ச்சல்.

கார் நிறுத்துகிற இடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. எங்கே கீறுவது என்பதுதான் பேச்சு. டாக்டர் சாக்பீஸால் தரையில் கட்டடத்தை வரைந்தார்.

"நடுக்கோட்டு வெட்டுன்னா மேல இருந்து கீழ வரைக்கும் நேரா வரும். தொப்புளை மட்டும் சுத்திக்கும். சட்டுனு தொறந்துறலாம், எந்த மூலைக்கும் கை போகும். அவசரத்துக்கு அதுதானுங்க நல்லது. அவரையும் முழுசா எடுத்துறலாம்."

சங்கத் தலைவர் அவிநாசியப்பன் மேல்மாடியில் இருப்பவர். "அது எங்க ஹால் வழியா வருமுங்களே! ஊஞ்சல் ரெண்டாப் போயிரும். அடுத்த மாசம் புள்ளையைப் பாக்க வர்றாங்க" என்றார். ஒவ்வொரு மாடியிலும் ஹாலின் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது, ஒருவருக்கு மீன்தொட்டி, ஒருவருக்குப் புது சோபா. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் ஒருத்திதான் தூக்கினேன். "நானும் தூக்கியிருக்கறனுங்க" என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத கையைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

"எங்க மச்சான் அபார்ட்மெண்ட்டுக்கு வலது விலாவுக்குக் கீழ சாய்வா ஒண்ணு போட்டாங்க. பெயிண்ட் அடிச்சதும் தெரியவே இல்லீங்க" என்றார் மீன்தொட்டிக்காரர்.

"அது பித்தப்பைக்குப் போடறதுங்க. அவங்களுக்குக் கல்லு இருந்திருக்கும்."

"ஆமாங்க, தண்ணி டேங்க்ல."

குடல்வாலுக்கென்றே உள்ளது வலப்பக்கம் அடியில் போடும் சின்னச் சாய்வு வெட்டு என்றார் டாக்டர். செங்கல்லை வெட்ட வேண்டியதில்லை. வரிசை ஓடுகிற போக்கிலேயே விலக்கிவிட்டால் போதும், மூடிய பிறகு பழைய பலம் வந்துவிடும். எல்லோருக்கும் அது பிடித்துப்போனது.

"அது வழியா அவரு வருவாருங்களா?" என்று கேட்டேன்.

"சந்தை அடியில கட்டி அப்படியே எடுத்துருவோம். அவரு அதுக்குள்ளயே இருப்பாரு. லேப்ல அதை மெல்லிசாச் சீவிப் பாப்பாங்க."

சந்துக்குள்ளிருந்து பம்பால் சுவரைப் படபடவென்று தட்டும் சத்தம் வந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். கீழ்த்தளத்து சன்ஷேடுக்கு அடியில் போடும் குறுக்கு வெட்டு. தழும்பு நிழலில் மறைந்துவிடும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவிநாசியப்பன் உடனே கை தட்டினார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அது பிரசவத்துக்குப் போடற வெட்டுங்க. அதுல வர்றவரு பொறந்தவராத்தான் வருவாரு. இந்த பில்டிங் அவருக்கு அம்மா ஆயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். அவர் குறட்டை இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் எனக்கு வேண்டும், எந்த வழியாக வந்தாலும் வேண்டும். "போடுங்க" என்றேன்.

வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று தண்ணீர் டேங்கைக் காலி செய்து, கேஸ் சிலிண்டர்களை மூடினோம். முதுகுத்தண்டு ஊசியை லிஃப்ட் ஓடும் குழிக்குள் போட்டார்கள். இரண்டாம் மாடிக்குக் கீழே எல்லோருக்கும் கால் மரத்துப்போனது. மேலே இருப்பவர்கள் விழித்திருந்தார்கள். அவிநாசியப்பன் பால்கனியிலிருந்து மயக்க டாக்டரிடம் மகளுடைய ஜாதக விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பெயிண்டைக் கீறினார், பூச்சை விலக்கினார், செங்கல்லைப் பிரித்துத் தோள் வரை கையை விட்டார். முதலில் பம்பு வந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கை. அப்புறம் அவர்.

நர்சம்மாக்கள் சேர்ந்து அவரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தார்கள். "அய்யோ!" என்றார். அழுதுவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. பழைய பேப்பர்க்காரருடைய தராசில் எடை பார்த்தார்கள்.

"ஆம்பளப் புள்ளைங்க. எழுபத்தெட்டுக் கிலோ."

பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் முதலில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வந்துவிடும். அவிநாசியப்பன் சர்க்கரைத் தண்ணீரோடு படியிறங்கி ஓடிவந்தார். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் அவருக்கும் கால் மரத்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நர்சம்மாக்கள் என் கணவரைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினார்கள். மீசையெல்லாம் சுண்ணாம்பு. ஒரு நர்சம்மா வாங்கி வந்த சர்க்கரைத் தண்ணீரை நானே விரலில் தொட்டு வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் காலிச் சந்தையும் கட்டி எடுத்து வெட்டை மூடினார். பிறகு கட்டடத்துக்குக் காற்று பிரிவதற்காகக் காத்திருந்தோம். அதுவரை யார் வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் எல்லாம் "காத்து பிரிஞ்சுதுங்களா?" என்றுதான் கேட்டார்கள். சனிக்கிழமை காலை மொட்டைமாடிக் குழாயில் நீளமாக ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் பால்கனிக்கு வந்து கை தட்டினார்கள். அன்று வீட்டுக்கு வீடு கஞ்சி.

முறை என்று ஒன்று இருக்கிறதே. முதல் காபியை நான்தான் கொண்டுபோய் வாசற்படியில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர்க் குழாய் வழியாகக் குரல் வந்தது.

"டிகாஷன் தண்ணியா இருக்குது. இத்தனை வருசமா இங்கதான் இருக்கறே, ஒரு நாளாவது அந்த மீட்டர் பக்கம் கூட்டியிருப்பியா?"

அவிநாசியப்பன் ஊஞ்சலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து தொட்டிலாக மாட்டிக் கொடுத்திருந்தார். என் கணவர் அதில் பம்பைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"அம்மா சொல்றதுல என்ன தப்பு, சுலோ?" என்றார்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு டிகாஷன் போட உள்ளே போனேன்.