மாலைச் செய்தியில் ஒரு கை

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க," என்று சொல்லிவிட்டு, ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானில் விரலை வைத்தாள் எக்ஸ்ரேக்காரி. மருத்துவமனையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வருடக்கணக்காக அதே அறை, அதே வேலை; பெயரே அதுவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, நாற்காலியில் நோயாளி கழற்றிப் போட்டிருந்த சட்டைக்குள்ளிருந்து போன் அடித்தது.

முதலில் முரசு மாதிரி நாலு தட்டு. அப்புறம் எக்காளம் எழுந்தது. அதற்கு அடியில் தந்தி அடிக்கிறாற்போல விடாத டிக்டிக். கடைசியில் ஒற்றை வயலின் இழுத்துக்கொண்டே போய்த் தேய்ந்தது.

அவள் விரல் பொத்தான் மேலேயே நின்றுவிட்டது. உள்ளங்கையில் இரும்புக் குழாயின் சில்லிப்பு ஏறியது. அந்த அறையில் குழாய் எதுவும் இல்லை.

"அம்மா, இன்னும் பிடிக்கணுமா?" என்று மூச்சை விட்டார் நோயாளி. முகம் சிவந்திருந்தது. "நெஞ்சுல ஒண்ணும் இல்லேன்னாலும் நீங்களே வர வெச்சிடுவீங்க போலிருக்கே."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி எடுத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்ததும் கேட்டாள்: "அது பழைய மாலைச் செய்தியோட இசைதானே?"

மனிதருக்கு வாயெல்லாம் பல். உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் அந்தக் காலத்தில் நாடாவை வெட்டி ஒட்டியவர் அவர். அங்கே எல்லோரும் அவரைக் 'கத்திரி' என்றே கூப்பிட்டார்களாம். நிலையத்தை மூடியபோது குப்பைக்குப் போக இருந்த நாடாக்களை வண்டியில் அள்ளிவந்து வீட்டில் அடுக்கியிருக்கிறார். இப்போது ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி இணையத்தில் போடுகிறார்.

"ஜனங்க உருகறாங்கம்மா. அப்போ செய்தியைப் போட்டா எழுந்து போனவங்க எல்லாம் இப்போ இசையைக் கேட்டு அழறாங்க."

"ஆத்துப் பாலம் திறந்த அன்னைக்கு வந்த செய்தி இருக்கா?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"பாலமா? கடைசிப் படகு போச்சே, அன்னைக்குத்தானே? அதை நானேதான் வெட்டினேன். இல்லாம எங்க போகும்? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க."

அன்றைக்கு வந்த செய்தியைத்தான் அவள் பார்க்கவேயில்லை. கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. பதினெட்டு வயது அண்ணன் ஒரு நாள் காலையில் வெளியே போனவன் திரும்பவில்லை. தெரிந்தவன் தெரியாதவன் வீடெல்லாம் தேடியாகிவிட்டது. வெல்டிங் பட்டறை வைத்திருந்த அப்பா, காவல் நிலையத்தில் சொல்லி, 'காணவில்லை' அறிவிப்பு மாலைச் செய்தியில் வர ஏற்பாடு செய்தார். கொடுக்கத் தனிப் புகைப்படம் இல்லை. குடும்பப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டிக் கொடுத்தார்கள். அவன் தோளில் அவள் போட்டிருந்த கையின் விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

அறிவிப்பு வரவேண்டிய நாளில்தான் பாலமும் திறந்தார்கள்; அன்று காற்று பேயாய் அடித்தது. அப்பா காவல் நிலையத்துக்குப் போயிருந்தார். வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் படம் நிற்காமல் நெளிந்தது. அம்மா அவளை மொட்டை மாடிக்கு விரட்டினாள். ஆன்டெனாக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா?" என்று கத்தினாள் அவள். கீழேயிருந்து முரசும் எக்காளமும் ஏறி வந்தன. "தெரியுதா?" என்று மறுபடியும் கத்தினாள். ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு அம்மாவின் குரல் வந்தது: "தெரியுது. அசையாதே."

செய்தி முடிந்து இசை மறுபடி வரும்வரை அவள் அசையவில்லை.

அண்ணன் கிணற்றில் போட்ட கல்லானான். அடையாளம் தெரியாத உடல் என்று எங்கே செய்தி வந்தாலும் அப்பா கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார், கழுவிக்கொண்டே இருப்பார். அம்மா தினமும் மாலைச் செய்தியின் முன் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் பார்வையாலேயே சுட்டுவிடுவாள். நிலையத்தை மூடி, எங்கோ தலைநகரிலிருந்து புது இசையோடு செய்தி வரத் தொடங்கியதும், பெட்டியை அணைத்துத் துணி போட்டு மூடியவள்தான், பிறகு போடவேயில்லை.

ஆனால் அந்த இசை வீட்டை விட்டுப் போகவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டினால் அந்த டிக்டிக். பக்கத்து வீட்டுக் கதவு கிரீச்சிட்டால் அந்த வயலின். கல்யாணம் ஆகி, கணவன் இறந்து, அம்மாவோடு இருக்கவென்று அதே வீட்டுக்குத் திரும்பிவந்த பிறகும், சில சாயங்காலங்களில் மொட்டை மாடியில் ஒரு சின்னப்பெண் இன்னும் நிற்பதாக அவளுக்குத் தோன்றும். ஏறிப் பார்க்க மாட்டாள்.

கத்திரியின் வீட்டு முன்னறையில் நடக்க இடமில்லை. நாடாப் பெட்டிகள் கூரைவரை நின்றன. "எங்க வீட்டுக்காரி இதைக் கல்லறைன்னு சொல்லுவா," என்று சிரித்துக்கொண்டே ஒரு நாடாவை மெஷினுக்குள் தள்ளினார்.

திரையில் கோடுகள் ஓடின. முரசு தட்டியது. மணிக்கூண்டுக்குப் பின்னால் சூரியக் கதிர்கள் விரிந்தன. பெரிய கண்ணாடி போட்ட பெண் தலையை நிமிர்த்தாமல் செய்தி வாசித்தாள். பாலம் திறப்பு. மாலைகள், குடைகள், பேச்சுகள். அடுத்து, ஆற்றின் கடைசிப் படகு கரையை விட்டுக் கிளம்பும் காட்சி. காமிரா பயணிகள் மேல் மெதுவாக நகர்ந்தது. காமிராவைக் கண்டதும் எல்லோரும் சிரித்தார்கள், கையை ஆட்டினார்கள்.

படகின் பின்பக்கம், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நீலச் சட்டையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். காமிரா தன்னைத் தாண்டப்போகிற சமயம் எழுந்து நின்றான். வலது கையை உயரத் தூக்கி ஆட்டினான். சிரித்தான்.

"நிறுத்துங்க," என்றாள் அவள்.

படம் உறைந்து நடுங்கியது. அவன் கை மட்டும் இரண்டாகப் பிரிந்து துடித்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும் கத்திரி நாடாவை முன்னால் ஓட்டினார். செய்தியின் கடைசியில் 'காணவில்லை' அறிவிப்பு. அதே முகம், தோளில் ஒட்டிய அவளது விரல்கள்.

கத்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டையும் நான்தாம்மா ஒட்டினேன். காலையில படகு, சாயங்காலம் இந்தப் போட்டோ. ஒரே கை. ஒரே பையன்னு தெரியலையே."

"ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்த்திருப்பீங்க," என்றாள் அவள். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்தத் துண்டைப் போனில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எண்பதைத் தொடப் போகிற வயது. கண் மங்கியிருந்தாலும் காது பாம்புக் காது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவள் இசையை மட்டும் ஓடவிட்டாள்.

தலையணை உறையை மடித்த கைகள் நின்றன.

"இது எங்க கிடைச்சது?"

"அம்மா, பதறாதே. இதுல அண்ணன் வர்றான்."

"படகுலதானே," என்றாள் அம்மா.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நீலச் சட்டை," என்றாள் அம்மா. "நம்ம பெட்டியில நீலம் தெரியலை. நான் துவைச்ச சட்டை எனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் எங்க ஒளிஞ்சிருந்தானோ, எழுந்து நின்னு கையை ஆட்டினான். நீ மேல நின்னு தெரியுதா தெரியுதான்னு கத்திக்கிட்டிருந்தே."

"அப்போ ஏன் அப்பாகிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகும்? அக்கரைக்குப் போய்ச் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து தோலை உரிச்சிருப்பார். கடைசியா அடிச்சப்போ அவன் காதுல ரத்தம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"சைக்கிள்லேருந்து விழுந்தான்னு சொன்னே."

"சொன்னேன்."

"எத்தனை பிணவறை ஏறி இறங்கினார் அப்பா. சாகிற வரைக்கும் கையைக் கழுவிக்கிட்டே இருந்தாரேம்மா."

"ஏறி இறங்கட்டும்னுதான் விட்டேன்." அம்மா தலையணை உறையை மறுபடி எடுத்து நான்காக மடித்தாள். "பாவம்னு தோணத்தான் தோணும். தோணறப்போ எல்லாம் அந்தக் காதை நினைச்சுக்குவேன்."

அப்படியொரு குரலை அம்மாவிடம் அவள் கேட்டதில்லை. இத்தனை வருடம் தன்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது யார் என்று அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அவன் நல்லா இருக்கான்னு தெரிஞ்சும், அப்புறம் எதுக்குத் தினமும் அந்தச் செய்தியைக் கட்டிக்கிட்டு அழுதே?"

"படகு ஏறினான்னுதானே தெரியும்? எங்க இறங்கினான், யார்கிட்ட மாட்டினான்னு எனக்கு என்ன தெரியும்? விபத்து, கொலை, வெள்ளம் எல்லாம் அதுலதானே சொல்லுவாங்க. அந்த முரசு தட்டினதுலேருந்து அவன் பேரு வரக்கூடாதுன்னு உக்காந்திருப்பேன். முடிஞ்சு திரும்ப அந்தப் பாட்டு வந்துட்டா, சரி, இன்னைக்கு உயிரோட இருக்கான்னு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவேன்." மடித்த உறையை அடுக்கின் மேல் வைத்தாள். "அப்புறம் புதுப் பாட்டு வந்துச்சு. உலகத்துச் சாவெல்லாம் வாசிச்சாங்க. அதுல என் பிள்ளையை எங்க தேடுவேன்?"

"அப்பா போனப்புறமாவது தேடியிருக்கலாமே."

"தேடாத வரைக்கும் அவன் அந்தப் படகுலதானே இருக்கான்," என்றாள் அம்மா. படத்தைப் பார்க்கிறாயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

சில நாட்கள் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு அவரவர் தட்டை அவரவர் கழுவினார்கள். மருத்துவமனையில் யாரிடமாவது "அசையாதீங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசந்தது. கடைசியில் ஒரு நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "தேடட்டுமா?"

"தேடு," என்றாள் அம்மா. "இனிமே இழுத்துட்டு வர யார் இருக்காங்க?"

கத்திரி அந்தத் துண்டை இணையத்தில் போட்டார். படகில் எழுந்து நிற்கிற நீலச் சட்டைக்காரரை யாருக்காவது தெரியுமா என்று கீழே கேட்டிருந்தார். பதில்கள் வந்து குவிந்தன. அந்த இசைதான் எங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் எடுக்கச் சொல்லும் மணி என்று ஒருவர் எழுதினார். எக்காளம் ஊதினால் எங்கள் அப்பா கொட்டாவி விடுவார் என்று இன்னொருவர். வாசித்த பெண்ணின் கண்ணாடியைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. நீலச் சட்டையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் இடைவேளைகளில் ஒவ்வொன்றாகப் படித்தாள். இத்தனை பேர் வீட்டுக்குள்ளும் அவன் கையை ஆட்டியிருக்கிறான், ஒருவரும் கவனிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு விடுமுறை நாள் காலையில் போன் வந்தது. இளம்பெண்ணின் குரல்.

"கத்திரி சார் உங்க நம்பர் குடுத்தார். அந்த வீடியோவுல கையாட்டறது எங்கப்பா."

"இப்போ எங்க இருக்கார்?"

"தவறிட்டாருங்க. மூணு வருஷம் ஆச்சு. தூக்கத்துலயே போயிட்டார்." அந்தக் குரல் தயங்கியது. "நான் ஒரு தடவை டிவியில வந்திருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். சும்மா அளக்கறார்னு நாங்க எல்லாம் சிரிப்போம். குளிக்கிறப்போ ஒரு மெட்டு சீட்டியடிப்பார். அது என்னன்னு இப்போதான் தெரிஞ்சது. நீங்க யாருங்க?"

"உனக்கு அத்தை," என்றாள் அவள்.

இரண்டு பக்கமும் அழுகை அடங்கிய பிறகு, போனைக் கையில் பிடித்தபடியே அம்மாவிடம் போய் உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அழவில்லை. மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. பிறகு கையை நீட்டி, "குடு," என்றாள்.

பேத்தியிடம் அவள் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை.

"உங்கப்பா உங்களை அடிப்பானா?" என்று கேட்டாள்.

கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லை பாட்டி. கை ஓங்கினதே இல்லை. ரொம்பக் கோபம் வந்தா சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போயிடுவார். சில சமயம் ராத்திரி கூட வரமாட்டார். அம்மா வாசல்லயே நிப்பாங்க."

"அப்புறம்?"

"விடிஞ்சா வந்துடுவார். எங்க போனீங்கன்னு கேட்டா சிரிப்பார். எத்தனை தடவை போனாலும் வந்துடுவார் பாட்டி."

அம்மா போனை மகளிடம் கொடுத்தாள். திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சாரல் அம்மாவின் முகத்தில் அடித்தது, துடைக்கவில்லை.

"அங்க மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்கான்," என்றாள்.