மூன்றாம் வகுப்புக்கு முதலிடம்

பிள்ளைகள் எந்த மட்டில் படிக்கிறார்கள் என்று நாடு முழுக்க அளந்து பார்க்கும் தேர்வு, வாடிப்பட்டி போகும் வழியிலிருந்த அந்த நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து தலைமை ஆசிரியர் உக்கிரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. மதுரைக் கூட்டத்தில் அதிகாரிகள் தெளிவாகத்தான் சொன்னார்கள். எங்கே பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்களோ அங்கே வாசிப்புக்கென்று தனி ஆசிரியர் வருவார், மாநிலம் செய்யப்போகும் சீர்திருத்தமெல்லாம் இந்த முடிவுகளை வைத்துத்தான். இவர் காதில் விழுந்தது 'பின்தங்கிய' என்ற ஒரு சொல் மட்டும். மற்ற நேரமெல்லாம் கவனம் அங்கே கொடுத்த மெதுவடையில் இருந்தது.

மூன்றாம் வகுப்பு கனகா டீச்சருக்கோ உள்ளூரச் சந்தோஷம். அவர் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டவே வராது. இரண்டு வகுப்பை ஒரே ஆளாக மேய்ப்பவர் என்னதான் செய்வார்? உள்ளது உள்ளபடி தெரிந்தால் இன்னொரு ஆசிரியர் கிடைப்பாரே என்று உக்கிரபாண்டியிடம் போய்ச் சொன்னார்.

"காச்சல்னு காட்டுனாத்தான சார் ஊசி போடுவாங்க?"

"ஊசி அப்பறம் டீச்சர். மொதல்ல காச்சக்காரன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க."

பிறகு உக்கிரபாண்டியின் மூளை வேலை செய்தது. அதைப் பாடம் நடத்துவதில் காட்டியிருந்தால் தேர்வுக்குப் பயந்திருக்கவே வேண்டாம். தேர்வு நாளில் மூன்றாம் வகுப்பு மொத்தத்தையும் கனகாவோடு வேனில் ஏற்றி, கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கல்விச் சுற்றுலா அனுப்பினார். ஐந்தாம் வகுப்பில் குள்ளமான பிள்ளைகளைப் பொறுக்கி, ஆளுக்கொரு மூன்றாம் வகுப்புப் பெயரை மனப்பாடம் செய்யவைத்து உட்காரவைத்தார். ஆய்வுக்கு வந்தவர் பெயர் கூப்பிட, ஒவ்வொன்றும் கணீரென்று "உள்ளேன் ஐயா" என்றது. முன்பல் விழுந்த வாய் ஒன்றுகூட அந்த வகுப்பில் இல்லையே என்று அவருக்கு உறைக்கவில்லை.

மலையில் பிள்ளைகள் பாறையில் வெட்டியிருந்த பழைய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சராலும் அதை வாசிக்க முடியவில்லை என்று தெரிந்ததும், எழுத்துக்கூட்டத் திணறும் சுபலட்சுமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாவம், அவள் மனம்விட்டுச் சிரித்த வாசிப்பு வகுப்பு அது ஒன்றுதான்.

முடிவு வந்தது. மூன்றாம் வகுப்பில் ஒன்றியத்திலேயே முதலிடம். கூடவே ஓர் உத்தரவும் வந்தது. இந்தப் பள்ளிக்குத் தனி ஆசிரியர் தேவையில்லை. இப்படி ஒரு சாதனை செய்த கனகா, மேற்கே கடைசி இடத்தில் கிடக்கும் ஒரு பள்ளியைத் தூக்கி நிறுத்த உடனே புறப்பட வேண்டும். தரவுகளின் அடிப்படையில் எடுத்த முடிவாம். தரவு என்ன செய்யும், கொடுத்ததைத் தின்றது.

உக்கிரபாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கனகா இருப்பார், இவர் வேலை இருக்காது. கனகாவும் வாய் திறக்க வழியில்லை. சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

பாராட்டு விழாவுக்குக் கல்வி அலுவலர் பாண்டியராஜன் வந்து உக்கிரபாண்டிக்குச் சால்வை போர்த்தினார். மேடையை விட்டு இறங்கிய அலுவலரைச் சுபலட்சுமியின் அம்மா தங்கப்பொண்ணு மறித்தாள். நடவு வயலிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கால் சேறுகூடக் காயவில்லை.

"எங்க டீச்சர அனுப்பாதீங்க சார். எம்மகளுக்கு இப்பத்தான் ஒண்ணு ரெண்டு எழுத்து பிடிபடுது."

தாய்க்காரியின் அடக்கம் என்று அலுவலர் நினைத்துக்கொண்டார் போலும், சிரித்தார்.

"மனுவா எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்புறேன். ஒங்களுக்கு எழுத வராட்டி என்ன, மகளையே எழுதச் சொல்லுங்க. ஒன்றியத்துலயே மொதலிடம் வாங்குன வகுப்புல படிக்கிற புள்ளையாச்சே."

தாளும் தன் பேனாவும் எடுத்து நீட்டினார். உக்கிரபாண்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுபலட்சுமி தாளைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வெகுநேரம் எழுதினாள். தங்கப்பொண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளை எழுந்து நீட்டிய தாளில் அவள் பெயர் மட்டும் இருந்தது, அதுவும் பாதி. மீதியை அடுத்த வாரம் சொல்லித்தருவதாக டீச்சர் சொல்லியிருந்தார்.