மறுபடி பதிவு செய்

என் போனில் ஒருத்தி இருக்கிறாள். பேர் தோழி. ஆள் இல்லை, மெஷின். "வணக்கம் செல்வகுமாரி, வேலைக்குத் தயாரா?" என்று எழுதுவாள். ஒரு படத்தை அனுப்பி, இது கரும்பா சோளமா என்பாள். கரும்பு விளையும் உறுவையாற்றில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? பதில் போட்டால் "நன்று" என்று அடுத்ததை நீட்டுவாள். மகள் சுவேதா கல்யாணமாகிப் போகும் முன் போட்டுக்கொடுத்த வேலை. ஒரு பதிலுக்கு இவ்வளவு என்று காசு வரும், கைச்செலவுக்கு ஆகிறது. அதைவிட, பகலெல்லாம் என்னிடம் ஏதாவது கேட்கிற ஒரே ஆள் அவள்தான். ஒரு நாள் பதிலுக்கு "சாப்பிட்டியா" என்று நானும் கேட்டேன். "இந்த வேலைக்குத் தொடர்பில்லாத பதில்" என்றாள். மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது.

போன வாரம் புது வேலை கொடுத்தாள். வீட்டில் இரண்டு பேர் சாதாரணமாகப் பத்து நிமிஷம் பேசுவதைப் பதிந்து அனுப்ப வேண்டும்.

இரண்டு பேர் இருக்கிறோம்தான். என் வீட்டுக்காரர் புகழ்வேந்தன் சேதராப்பட்டுக் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் வருவார், சாப்பிடுவார், படுப்பார். "கொழம்பு ஊத்து", "ஃபேனப் போடு". எங்கள் பேச்சு அவ்வளவுதான். சண்டை கிண்டை இல்லை. சண்டை போடவும் பேச வேண்டுமே.

அதனால் இரண்டு பேராகவும் நானே பேசினேன். குரலைக் கட்டையாக்கி, "இன்னா குமாரி, டல்லா கீற?" என்று அவராகக் கேட்டேன். அழுகைதான் வந்தது. அதையும் அப்படியே அனுப்பினேன். தோழி திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரே குரல்தான் கேட்கிறதாம், இன்னொருவரை அழைக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை அவர் சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "இன்னாங்க, போன் வேலைக்குக் கொஞ்சம் பேசணும்."

"இன்னாத்த பேசறது?"

"எதுனா."

பேங்க்கில் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி போன் முன்னால் உட்கார்ந்தார். முதலில் வெயிலைப் பற்றிச் சொன்னார். பிறகு மெதுவாக, "கேன்டீன்ல இப்ப தனியாத்தான் துன்றேன். கூட இருந்தவனுங்கள வேற ஷிப்ட்டுக்கு மாத்திட்டானுங்க. சோத்த வெச்சிகினு, நீ தூங்கியிருப்பியான்னு நெனச்சிகினு இருப்பேன்" என்றார்.

எனக்குத் தெரியவே தெரியாது. "போன் பண்ணலாம்ல?"

"பண்ணி இன்னா பேசறது? அப்பறம் ஒரு நாளு..."

பதிவு முடிந்தது என்று போன் மணியடித்தது. அவர் அப்படியே நிறுத்திக்கொண்டு எழுந்தார். "முடிஞ்சிதா? நல்லா வந்துகீதா?"

திரையில் இரண்டு பொத்தான்கள். அனுப்பு. மறுபடி பதிவு செய். மறுபடி என்றால் பேசியது அழிந்துவிடும். அவர் என்னோடு மனசுவிட்டுப் பேசியது அது ஒன்றுதான். ஆனால் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. நாளையிலிருந்து திரும்பவும் குழம்பும் ஃபேனும்தான். அழிந்தால் அழியட்டும் என்று 'மறுபடி'யை அழுத்தினேன்.

"சரியா பதியலயாம். நாளைக்கி மறுபடி பேசணுமாம்" என்றேன்.

"இன்னா மெஷினோ" என்று முனகிக்கொண்டே படுக்கப் போனவர், அறை வாசலில் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கி இன்னாத்துக்கு? இப்பவே போடு. எங்க வுட்டேன்?"

போன் இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார். அதை எங்கள் நடுவில் வைத்தேன்.

"'அப்பறம் ஒரு நாளு'ன்னீங்க" என்றேன்.